குழந்தை மனநலக் கோளாறுகள்: பெயர்களும் எல்லைகளும் ஏன் மாறிக்கொண்டே இருக்கின்றன?

1971ஆம் ஆண்டு, குழந்தைகளின் மனநலத்துக்கென அமெரிக்காவில் ஓர் ஆய்விதழ் தொடங்கப்பட்டது. அதன் பெயரைத் தமிழில் சொன்னால் 'ஆட்டிசம் மற்றும் குழந்தைப்பருவ மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இதழ்' என்று வரும். 1943இல் பதினொரு குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விவரித்த குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர்தான் அதன் ஆசிரியர். எட்டு ஆண்டுகள் கழித்து, 1979இல், அட்டையிலிருந்து 'குழந்தைப்பருவ மனச்சிதைவு' நீங்கி, அந்த இடத்தில் 'வளர்ச்சிக் குறைபாடுகள்' என்ற சொல் வந்து உட்கார்ந்தது. இதழ் நின்றுவிடவில்லை, அது பேசிய குழந்தைகளும் மாறிவிடவில்லை. அவர்களை எந்த வரிசையில் வைத்துப் பார்ப்பது என்பது மட்டும் அந்த எட்டு ஆண்டுகளுக்குள் அடியோடு மாறியிருந்தது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் இருந்தது. பிரிட்டனில் மனநல மருத்துவர் இஸ்ரேல் கோல்வின் 1971இல் வெளியிட்ட ஆய்வுகளில், மூன்று வயதுக்கு முன்பே சிக்கல் தொடங்கிய குழந்தைகளையும் ஐந்து வயதுக்குப் பின் தொடங்கிய குழந்தைகளையும் தனித்தனியாக ஒப்பிட்டார். பின்னவர்களிடம் பிரமைக்குரல்களும் மாயத்தோற்றங்களும் காணப்பட்டன. அவர்களுடைய பெற்றோரிடையே மனச்சிதைவு கூடுதலாக இருந்தது. முன்னவர்களிடம் இவை அரிதாகவே தென்பட்டன. அங்கே இன்னொரு மனநல மருத்துவரான மைக்கேல் ரட்டரும் அடுத்த ஆண்டே, குழந்தைப்பருவ மனச்சிதைவு என்ற பெயரின்கீழ் பொருந்தாத பல நிலைகள் ஒன்றாக அடைக்கப்பட்டிருப்பதாக வாதிட்டார். ஆட்டிசம் என்ற சொல்லே மனச்சிதைவிலிருந்து கடன் வாங்கப்பட்டது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்: மனச்சிதைவு நோயாளிகள் தமக்குள் ஒடுங்கிக்கொள்வதைக் குறிக்க சுவிஸ் மருத்துவர் ஆய்கன் ப்ளாய்லர் உருவாக்கிய சொல் அது. சொல்லின் பழைய நிழல் விலக அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று.

குழந்தை மனநல மருத்துவத்தின் வரலாற்றில் இது விதிவிலக்கு அல்ல, வழக்கமே. ஒரு குழந்தையின் கோப்பில் எழுதப்பட்டிருக்கும் நோயறிதலை, அது எழுதப்பட்ட ஆண்டையும் எந்த நோயறிதல் கையேட்டின்படி எழுதப்பட்டது என்பதையும் சேர்த்துப் படிக்காவிட்டால் அதற்குப் பாதிப் பொருள்தான் உண்டு. 'ஆட்டிசம் பெருகிவிட்டது', 'எல்லாக் குழந்தைக்கும் ஏ.டி.எச்.டி. (கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு) என்கிறார்கள்' என்பது போன்ற பேச்சுகளை மதிப்பிடவும் இந்த ஆண்டுக் கணக்கு தேவைப்படுகிறது.

அளப்பது ஏன் கடினம்

மனநலக் கோளாறுகளில் பெரும்பாலானவற்றுக்கு இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. நடத்தையையும் சொல்லப்படும் அனுபவத்தையும் வைத்தே முடிவு எடுக்கப்படுகிறது. பெரியவர்களுக்கும் இது பொருந்தும் என்றாலும் குழந்தைகளிடம் இரண்டு சிக்கல்கள் கூடுதலாக வந்து சேர்கின்றன. முதலாவது, குழந்தை ஓரிடத்தில் நிற்பதில்லை. இரண்டு வயதில் தரையில் புரண்டு அழுவது வளர்ச்சியின் பகுதி. பத்து வயதில் வாரம் மூன்று முறை அதையே செய்தால் கவலைக்குரியது. ஒரு வயதுக் குழந்தை அம்மாவைப் பிரிய மறுத்தால் அது நல்ல அறிகுறி. பன்னிரண்டு வயதில் அதே காரணத்துக்காகப் பள்ளிக்குப் போகாமல் இருந்தால் அது பிரிவுப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். ஆகவே எந்த அறிகுறியையும் வயதோடு பொருத்தித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, குழந்தை தானாக மருத்துவரிடம் வருவதில்லை, அழைத்து வரப்படுகிறது. அதன் நிலையைப் பெற்றோரும் ஆசிரியரும்தான் விவரிக்கிறார்கள். இவர்களுடைய விவரிப்பு எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்பதை 1987இல் உளவியலாளர் தாமஸ் அகன்பாக்கும் அவருடைய சகாக்களும் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். தாயும் தந்தையும் போல ஒரே நிலையில் இருப்பவர்களின் மதிப்பீடுகளுக்கு இடையிலான ஒட்டுறவு (முழுமையாக ஒத்துப்போனால் 1, தொடர்பே இல்லாவிட்டால் 0) சராசரியாக 0.60. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் போல வெவ்வேறு நிலையில் இருப்பவர்களுக்கு இடையில் அது 0.28ஆக இறங்கியது. குழந்தை தன்னைப் பற்றித் தானே சொன்னதற்கும் மற்றவர்கள் சொன்னதற்கும் இடையில் வெறும் 0.22. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. வகுப்பறையில் நாற்பது பேருக்கு நடுவே தெரியும் குழந்தையும் இரவு பத்து மணிக்கு வீட்டில் தெரியும் குழந்தையும் உண்மையிலேயே வேறுபட்டவர்களாக இருக்கலாம். ஆனால் இருவரில் யாரைக் கேட்டு நோயறிதலை எழுதுவது என்பது கையேடு எழுதுவோருக்கு இன்றுவரை தீராத தலைவலி.

காலியான பக்கங்களிலிருந்து

உலகம் முழுவதும் இரண்டு வகைப்பாடுகள் புழக்கத்தில் உள்ளன. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிடும் டி.எஸ்.எம். கையேடு, மற்றது எல்லா நோய்களையும் உள்ளடக்கி உலக சுகாதார நிறுவனம் வெளியிடும் ஐ.சி.டி. இவற்றின் தொடக்கப் பதிப்புகளைப் புரட்டினால் குழந்தைகளுக்கு ஒதுக்கப்பட்ட இடம் வியப்பூட்டும் அளவுக்குச் சிறியது. 1952இல் வெளிவந்த முதல் டி.எஸ்.எம். குழந்தைகளுக்கெனத் தந்தவை ஏறக்குறைய இரண்டே: குழந்தை வகை மனச்சிதைவு எதிர்வினை, மழலை, குழந்தை, வளரிளம் பருவங்களுக்கான தகவமைப்பு எதிர்வினைகள். ஒன்று மிகக் கடுமையானது, மற்றது தற்காலிகமானது. நடுவே இருந்த பெருங்கூட்டத்துக்குப் பெயரே இல்லை.

1968இன் இரண்டாம் பதிப்பு அந்த நடுப்பகுதியை நிரப்பப் பார்த்தது. மிகையியக்க எதிர்வினை, ஒதுங்கும் எதிர்வினை, மிகைப்பதற்ற எதிர்வினை என்று ஒரு வரிசை வந்தது. அவற்றுள் ஒன்று 'ஓடிப்போகும் எதிர்வினை'. வீட்டைவிட்டு ஓடும் பிள்ளையை வகைப்படுத்தியவர்கள், அவன் எதிலிருந்து ஓடுகிறான் என்பதைப் பெயரில் சேர்க்கவில்லை. இன்று படிக்கும்போது இது கொஞ்சம் வேடிக்கையாகவும் கொஞ்சம் சங்கடமாகவும் இருக்கிறது. ஆட்டிசத்துக்கு அப்போதும் தனிப் பெயர் இல்லை. அந்தக் குழந்தைகள் குழந்தை வகை மனச்சிதைவின்கீழ்தான் பதிவானார்கள்.

இதே காலத்தில் ஐரோப்பாவில் வேறொரு வேலை நடந்தது. மைக்கேல் ரட்டரும் சகாக்களும் பிரிட்டனின் வைட் தீவில் 1964, 1965 ஆண்டுகளில் பத்து, பதினொரு வயதுக் குழந்தைகள் அனைவரையும் ஆராய்ந்தார்கள். மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் பார்க்காமல் ஒரு தீவின் முழு வயதுக்கூட்டத்தையும் பார்த்தது அதன் சிறப்பு. ஏறத்தாழ நூற்றுக்கு ஏழு குழந்தைகளிடம் கருத்தில் கொள்ளத்தக்க மனநலக் கோளாறு இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை. 1967இல் பாரிஸில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய கருத்தரங்கைத் தொடர்ந்து, 1969இல் ஒரு முவ்வச்சு வகைப்பாடு முன்வைக்கப்பட்டது. மனநல நிலையை ஓர் அச்சிலும், அறிவுத்திறனை இரண்டாவது அச்சிலும், உடல் மற்றும் சூழல் காரணிகளை மூன்றாவது அச்சிலும் தனித்தனியாகக் குறிக்கும் முறை அது. எளிமையான யோசனைதான். ஆனால் அறிவுத்திறன் குறைந்த ஒரு குழந்தைக்கு மனச்சோர்வும் இருக்கலாம் என்பதைப் பதிவு செய்ய ஒரு கட்டம் வேண்டும் என்று அதுவரை அதிகம் பேர் யோசித்திருக்கவில்லை.

1980இல் வந்த டி.எஸ்.எம். மூன்றாம் பதிப்புதான் பெரிய முறிவு. ராபர்ட் ஸ்பிட்ஸர் தலைமையில், காரணத்தைப் பற்றிய கோட்பாடுகளை ஒதுக்கிவைத்து, ஒவ்வொரு கோளாறுக்கும் கண்ணால் காணத்தக்க அறிகுறிகளின் பட்டியலும் எத்தனை இருந்தால் போதும் என்ற எண்ணும் தரப்பட்டன. இரண்டு மருத்துவர்கள் ஒரே குழந்தையைப் பார்த்தால் ஒரே பெயரைச் சொல்ல வேண்டும் என்பதே நோக்கம். மழலை முதல் வளரிளம் பருவம் வரை முதலில் தென்படும் கோளாறுகளுக்கென ஒரு முழுப் பிரிவு உருவாயிற்று. மழலை ஆட்டிசம் தனிப் பெயர் பெற்றது. அதைக் கண்டறிய முப்பது மாதங்களுக்கு முன்பே சிக்கல் தொடங்கியிருக்க வேண்டும் என்றும், பிரமைகள் இருக்கக் கூடாது என்றும் விதி வந்தது. கோல்வின் காட்டிய வேறுபாடு இப்படித்தான் விதியாக மாறியது.

ஆட்டிசம்: விரிந்த வட்டம்

கானர் விவரித்த பதினொரு குழந்தைகளின் நிலை கடுமையானது. 1980இன் பட்டியலும் அதையே பின்பற்றியது. சொல்லப்பட்ட எல்லா அறிகுறிகளும் இருந்தாக வேண்டும். இதற்கிடையில் லண்டனின் கேம்பர்வெல் பகுதிக் குழந்தைகளை ஆராய்ந்த லார்னா விங்கும் ஜூடித் கூல்டும், கானரின் வரையறைக்குள் அடங்காத, ஆனால் சமூக உறவிலும் பேச்சுப் பரிமாற்றத்திலும் கற்பனையிலும் அதே வகையான இடர்ப்பாடு கொண்ட குழந்தைகள் அதைவிடப் பன்மடங்கு இருப்பதை 1979இல் எடுத்துக்காட்டினார்கள். 1944இல் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் ஜெர்மன் மொழியில் எழுதியிருந்த கட்டுரையை 1981இல் விங் ஆங்கில உலகத்துக்கு அறிமுகப்படுத்தி, ஆஸ்பெர்கர் நோய்க்குறித் தொகுப்பு என்ற பெயரையும் பரப்பினார். நன்றாகப் பேசக்கூடிய, படிப்பில் கெட்டிக்காரரான, ஆனால் சக மனிதரின் முகக்குறிப்பைப் படிக்கத் தடுமாறுகிற குழந்தைக்கு அப்போதுதான் ஒரு சொல் கிடைத்தது.

அடுத்த பதிப்புகளில் கதவு படிப்படியாகத் திறந்தது. 1987இன் திருத்தப் பதிப்பு பதினாறு அறிகுறிகளைத் தந்து எட்டு இருந்தால் போதும் என்றது. முப்பது மாத விதியும் தளர்ந்தது. 1994இன் நான்காம் பதிப்பு பன்னிரண்டில் ஆறு என்று மாற்றி, ஆஸ்பெர்கர், ரெட், குழந்தைப்பருவச் சிதைவுக் கோளாறு ஆகியவற்றையும் பக்கத்தில் வைத்தது. எதிலும் முழுமையாக அடங்காதவர்களுக்கு 'வேறுவகையில் குறிப்பிடப்படாதது' என்ற பெட்டியும் இருந்தது. அந்தப் பெட்டி நிரம்பி வழிந்தது.

இந்த உட்பிரிவுகள் உண்மையிலேயே வேறுபட்டவையா என்ற கேள்விக்கு, என் பார்வையில் இந்த வரலாற்றிலேயே மிகக் கூர்மையான விடை 2012இல் வந்தது. கேத்தரின் லார்டும் சகாக்களும், ஒரே கருவிகளில் பயிற்சி பெற்ற வல்லுநர்கள் பணியாற்றிய பன்னிரண்டு பல்கலைக்கழக மையங்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை ஒப்பிட்டார்கள். மதிப்பெண்கள் மையத்துக்கு மையம் பெரிதும் மாறவில்லை. ஆனால் ஒருவருக்கு ஆட்டிசம், ஆஸ்பெர்கர், குறிப்பிடப்படாதது ஆகியவற்றில் எந்தப் பெயர் கிடைக்கிறது என்பதை மற்ற எதையும்விட நன்றாக முன்கூட்டிச் சொன்னது, அவர் எந்த மையத்துக்குப் போனார் என்பதுதான். ஆட்டிசம் இருக்கிறதா இல்லையா என்பதில் வல்லுநர்கள் ஒத்துப்போனார்கள்; எந்த ஆட்டிசம் என்பதில் கட்டடத்தின் பழக்கமே பேசியது.

இந்தச் சான்றின் பின்னணியில்தான் 2013இல் ஐந்தாம் பதிப்பு எல்லாவற்றையும் சேர்த்து ஆட்டிசநிறமாலைக் குறைபாடு என்ற ஒரே பெயரின்கீழ் கொண்டுவந்தது. சமூகப் பரிமாற்றத்தில் சொல்லப்பட்ட மூன்று குறைபாடுகளும் இருக்க வேண்டும். திரும்பத் திரும்பச் செய்யும் நடத்தைகளில் நான்கில் இரண்டு இருக்க வேண்டும். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றுக்கு மிகையாகவோ குறைவாகவோ எதிர்வினை புரிவது முதல்முறையாக அறிகுறிப் பட்டியலில் சேர்ந்தது. பெற்றோர் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவந்ததைக் கையேடு அப்போதுதான் கேட்டது. சிறுவயதில் தொடங்கியிருந்தாலும், சூழலின் எதிர்பார்ப்பு கூடும்வரை அறிகுறிகள் வெளியே தெரியாமல் இருக்கலாம் என்ற வாசகமும் வந்தது. தடுமாற்றத்தை மறைத்துச் சமாளிக்கக் கற்றுக்கொண்ட பெண் குழந்தைகளுக்கு இந்த ஒரு வரி பெரிய உதவி. ரெட் நோய்க்குறித் தொகுப்பு பட்டியலிலிருந்து வெளியேறியது. 1999இல் அதற்குக் காரணமான எம்.இ.சி.பி.2 மரபணு கண்டறியப்பட்டதால் அது நரம்பியல் மரபு நோயாக இடம் மாறிவிட்டது. ஆஸ்பெர்கர் பெயர் நீங்கியதற்கு அறிவியல் காரணமே முதன்மை என்றாலும், நாஜி ஆட்சியின் குழந்தைக் கொலைத் திட்டத்துக்கு அவர் ஒத்துழைத்ததை வரலாற்றாய்வாளர் ஹெர்விக் செக் 2018இல் ஆவணங்களுடன் வெளியிட்ட பிறகு, அந்தப் பெயருக்காக வருந்துவோர் குறைந்துவிட்டனர்.

இனி எண்களைப் பார்க்கலாம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் குறிப்பிட்ட சில பகுதிகளில் எட்டு வயதுக் குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிடும் கணக்கின்படி, 2000இல் 150 பேருக்கு ஒருவர், 2010இல் 68 பேருக்கு ஒருவர், 2020இல் 36 பேருக்கு ஒருவர், 2022இல் 31 பேருக்கு ஒருவர். எண்களை மட்டும் பார்த்தால் கொள்ளைநோய் போலத் தெரியும். ஆனால் இந்தக் கணக்கு பதிவேடுகளைப் படித்து எடுக்கப்படுவது. பதிவேட்டில் எதை எழுதுகிறார்கள் என்பது மாறினால் கணக்கும் மாறும். டென்மார்க்கில் இதைச் சோதிக்க நல்ல வாய்ப்பு இருந்தது. அங்கே 1994இல் நோயறிதல் அளவுகோல் மாறியது. 1995இல் புறநோயாளிகளின் நோயறிதல்களும் தேசியப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன. 1980 முதல் 1991 வரை பிறந்த குழந்தைகள் அனைவரையும் பின்தொடர்ந்த ஆய்வு, ஆட்டிச உயர்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு இந்த இரண்டு நிர்வாக மாற்றங்களால் மட்டுமே விளங்கிவிடுகிறது என்று 2015இல் சொன்னது. கலிபோர்னியாவில் நடந்த வேறோர் ஆய்வு, முன்பு அறிவுத்திறன் குறைபாடு என்று பதிவானவர்கள் பின்பு ஆட்டிசம் என்று பதிவானது அங்கே நிகழ்ந்த உயர்வில் ஏறத்தாழ கால் பங்கு என்று கணக்கிட்டது. அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 1990இல் ஆட்டிசம் தனி வகையாகச் சேர்க்கப்பட்டது. அதன்பின் அந்தப் பெயர் இருந்தால்தான் பள்ளியில் அதற்கான உதவி எளிதாகக் கிடைக்கும் என்ற நிலை வந்தது. எஞ்சிய உயர்வுக்கு விழிப்புணர்வு, பெற்றோரின் வயது போன்ற காரணங்கள் பேசப்படுகின்றன. எல்லாமே காகித உயர்வு என்று சொல்லிவிடவும் முடியாது.

'அடிக்கடி' என்ற சொல்

ஏ.டி.எச்.டி.யின் வரலாறு பெயர் மாற்றங்களாலேயே ஆனது. 1960களில் 'குறைந்தபட்ச மூளைச் செயலிழப்பு' என்றார்கள். மூளையில் எந்தச் சேதமும் காட்டப்படாதபோது அந்தப் பெயர் வெறும் ஊகம். 1968இல் மிகையியக்க எதிர்வினை. 1980இல் கவனக்குறைவு மையத்துக்கு வந்து, மிகையியக்கம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்றாயிற்று. 1987இல் இன்றைய பெயர். 1994இல் மூன்று உட்பிரிவுகள். ஒவ்வொரு திருப்பமும் வகுப்பறையின் வெவ்வேறு மூலையைக் கண்ணுக்குக் கொண்டுவந்தது. முதலில் மேசைமேல் ஏறும் சிறுவன் தெரிந்தான். பிறகுதான் சன்னலோரம் அமைதியாக உட்கார்ந்து பாடத்தைத் தவறவிடும் சிறுமி தெரிந்தாள்.

அளவுகோலைக் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். மொத்தம் பதினெட்டு அறிகுறிகள். கவனம் சார்ந்தவை ஒன்பது, மிகையியக்கம் சார்ந்தவை ஒன்பது. ஏதேனும் ஒரு பிரிவில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். பொருள்களை அடிக்கடி தொலைத்தல், அடிக்கடி இருக்கையைவிட்டு எழுதல், கேள்வி முடியும் முன்பே அடிக்கடி பதில் சொல்லுதல் என்று பதினெட்டிலும் அந்த ஒரு சொல் வந்துகொண்டே இருக்கிறது. அடிக்கடி என்றால் எத்தனை முறை? கையேடு எண் எதுவும் தருவதில்லை. அந்த வளர்ச்சி நிலைக்குப் பொருந்தாத அளவுக்கு என்று மட்டும் சொல்கிறது. அதாவது ஒப்பீடு செய்ய வேண்டியவர் ஆசிரியரும் பெற்றோரும்தான். அவர்கள் எதோடு ஒப்பிடுகிறார்கள்? பக்கத்து இருக்கைக் குழந்தையோடு.

இதன் விளைவைப் பிறந்த மாதம் காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்களில் செப்டம்பர் 1ஆம் தேதிக்குள் ஐந்து வயது நிரம்பியவர்களே அந்த ஆண்டு பள்ளியில் சேர முடியும். ஆகவே ஆகஸ்டில் பிறந்த குழந்தை வகுப்பிலேயே இளையது. செப்டம்பரில் பிறந்தது ஏறத்தாழ ஓராண்டு மூத்தது. 2018இல் வெளியான ஆய்வொன்றில், அந்த மாநிலங்களில் ஆகஸ்டில் பிறந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 85 பேருக்கும் செப்டம்பரில் பிறந்தவர்களில் பத்தாயிரத்துக்கு 64 பேருக்கும் ஏ.டி.எச்.டி. எனக் கண்டறியப்பட்டிருந்தது. அந்தத் தேதி விதி இல்லாத மாநிலங்களில் இந்த இடைவெளி காணப்படவில்லை. ஐந்து வயதில் ஓராண்டு என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு; அந்த வேறுபாடு சில குழந்தைகளின் கோப்பில் கோளாறாகப் பதிவாகிவிட்டது. இதை வைத்து ஏ.டி.எச்.டி. என்பதே கற்பனை என்று முடிவு கட்டுவது தவறு. மரபுக் காரணி மிக வலுவாக உள்ள நிலைகளில் அதுவும் ஒன்று. ஆனால் எல்லைக்கோட்டருகே நிற்கும் குழந்தையின் பிறந்த தேதியையும் வகுப்பையும் பார்க்காமல் எழுதப்படும் நோயறிதல் அரைகுறையானது என்று சொல்ல இது போதும்.

2013இல் எல்லை மறுபடி நகர்ந்தது. ஏழு வயதுக்கு முன் அறிகுறி தொடங்கியிருக்க வேண்டும் என்ற விதி பன்னிரண்டு வயதாக உயர்ந்தது. பதினேழு வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு ஆறுக்குப் பதில் ஐந்து அறிகுறிகள் போதும் என்றாயிற்று. எல்லாவற்றையும்விட முக்கியமாக, ஆட்டிசம் உள்ளவருக்கு ஏ.டி.எச்.டி.யும் இருப்பதாக எழுதக் கூடாது என்ற பழைய தடை நீங்கியது. அந்தத் தடை இருந்த காலத்தில் இரண்டும் உள்ள குழந்தைகள் பலர் கணக்கில் ஒன்று மட்டும் உள்ளவர்களாகவே தெரிந்தார்கள்; கவனக்குறைவுக்கான சிகிச்சை அவர்களுக்கு உரிய காலத்தில் யோசிக்கப்படாமலும் போயிற்று.

ஒரு தவறைத் திருத்தப் பிறந்த நோய்

புதிய நோயறிதல் ஒன்று, இன்னொரு நோயறிதலின் தவறான பயன்பாட்டைத் தடுப்பதற்காகவே உருவாக்கப்பட்டது உண்டு. 1990களில் அமெரிக்காவின் செல்வாக்குமிக்க சில ஆய்வுக்குழுக்கள், குழந்தைகளின் இருதுருவக் கோளாறு (பைபோலார்) பெரியவர்களைப் போல விட்டுவிட்டு வரும் மனவெழுச்சியாக இல்லாமல் இடைவிடாத எரிச்சலாக வெளிப்படலாம் என்று வாதிட்டன. விளைவு வேகமாக வந்தது. இருபது வயதுக்குட்பட்டோரில் இந்த நோயறிதலுடன் பதிவான மருத்துவர் சந்திப்புகள் 1994–95இல் ஒரு லட்சம் பேருக்கு 25 என்ற அளவிலிருந்து 2002–03இல் 1,003 ஆயின, நாற்பது மடங்கு. அவர்களில் பலர் எடை கூட்டும், உடலின் வேதிச் சமநிலையைப் பாதிக்கும் கடும் மருந்துகளைப் பெற்றனர். டி.எஸ்.எம். நான்காம் பதிப்புக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஆலன் ஃபிரான்ஸஸே பிற்காலத்தில் இதைப் பொய்க் கொள்ளைநோய்களில் ஒன்றாகக் கண்டித்து எழுதினார்.

எல்லன் லைபென்லுஃப்டும் சகாக்களும் இடையறாத கடும் எரிச்சல் கொண்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, அவர்கள் வளர்ந்தபின் பெரும்பாலும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ஆளானார்களே தவிர இருதுருவக் கோளாறுக்கு அல்ல என்பது தெரிந்தது. எனவே 2013இல் சீர்குலைவான மனநிலை ஒழுங்கின்மைக் கோளாறு என்ற புதுப்பெயர் வந்தது. வாரம் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட கடும் கோப வெடிப்புகள், இடையிலும் நீடிக்கும் எரிச்சல், பன்னிரண்டு மாதத் தொடர்ச்சி, பத்து வயதுக்கு முன் தொடக்கம், ஆறு வயதுக்கு முன் கண்டறியக் கூடாது என்று விதிகள் இறுக்கமாகவே எழுதப்பட்டன. இருந்தும் களச்சோதனையில் இரு மருத்துவர்களின் முடிவுகள் ஒத்துப்போன அளவு, தற்செயலைக் கழித்தபின், 0.25தான், ஆட்டிசத்துக்கு அதே சோதனையில் 0.69 கிடைத்தது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த ஐ.சி.டி. பதினொன்றாம் பதிப்பு இந்தப் புதுநோயை ஏற்கவே இல்லை. எதிர்ப்பு மனப்பான்மைக் கோளாறு உள்ள குழந்தைக்கு 'நீடித்த எரிச்சலும் கோபமும்' என்ற துணைக்குறிப்பைச் சேர்த்தால் போதும் என்று விட்டுவிட்டது. எனக்கு இந்த இரண்டாம் வழியே நேர்மையானதாகப் படுகிறது; ஒரு பிழையை மறைக்கப் புதிதாக ஓர் அறை கட்டுவதைவிட, இருக்கும் அறையின் கதவில் பலகை மாட்டுவது சிக்கனம். ஆனால் இதன் விளைவாக, ஒரே குழந்தை ஒரு நாட்டில் மனநிலைக் கோளாறு உள்ளவராகவும் இன்னொரு நாட்டில் நடத்தைக் கோளாறு உள்ளவராகவும் பதிவாகிறது. நடத்தைக் கோளாறு என்றால் கண்டிப்பு, மனநிலைக் கோளாறு என்றால் பரிவு என்று பெரியவர்களின் முகமும் பெயரைப் பார்த்து மாறிக்கொள்வதுதான் வருத்தம்.

மற்ற மாற்றங்களைச் சுருக்கமாகக் குறிப்பிடலாம். குழந்தைக்கு மனச்சோர்வு வராது, அதற்கான உள்மன வளர்ச்சி இன்னும் கூடவில்லை என்ற பழைய நம்பிக்கை 1970களில் உடைந்தது. இன்று சோகத்துக்குப் பதில் எரிச்சலே முதன்மை அறிகுறியாக இருக்கலாம் என்பதைக் கையேடு ஏற்கிறது. பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மனஅழுத்தக் கோளாறுக்கு ஆறு வயதும் அதற்குக் குறைந்தவர்களுக்கும் 2013 முதல் தனி அளவுகோல் உண்டு; நடந்ததை வார்த்தையில் சொல்ல முடியாத குழந்தை விளையாட்டில் அதை மீண்டும் மீண்டும் நடித்துக்காட்டுவது அதில் கணக்கில் எடுக்கப்படுகிறது. அறிவுத்திறன் குறைபாட்டின் கடுமையை ஐ.க்யூ. எண்ணைக் கொண்டு தீர்மானிக்காமல், அன்றாட வாழ்வில் எவ்வளவு உதவி தேவைப்படுகிறது என்பதைக் கொண்டு தீர்மானிக்கும் வழக்கம் வந்தது.

பிரிவு கலைந்தது

1980இல் உருவான குழந்தைகளுக்கான தனிப் பிரிவை 2013இன் பதிப்பு கலைத்துவிட்டது. ஆட்டிசம், ஏ.டி.எச்.டி., கற்றல் குறைபாடு போன்றவை நரம்பு வளர்ச்சிக் குறைபாடுகள் என்ற அத்தியாயத்துக்குப் போயின. பிரிவுப் பதற்றம் பெரியவர்களின் பதற்றக் கோளாறுகளோடு சேர்ந்தது. இதற்குப் பின்னால் நீண்டகாலப் பின்தொடர் ஆய்வுகள் இருந்தன. நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் பேரைப் பின்தொடரும் ஆய்வில், இருபத்தாறு வயதில் மனநலக் கோளாறு கொண்டிருந்தவர்களில் பாதிப்பேர் பதினைந்து வயதுக்கு முன்பே ஏதேனும் ஒரு கோளாறின் அளவுகோலைத் தொட்டிருந்தார்கள். குழந்தைக் கோளாறு, பெரியவர் கோளாறு என்று இரண்டு அலமாரிகள் வைப்பதற்கு இந்த எண் இடம் கொடுக்கவில்லை. அதே குழு பின்னர், தனித்தனிக் கோளாறுகள் எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பொதுவான பாதிப்புத்தன்மை ஓடக்கூடும் என்றும் எழுதியது. பெட்டிகளை விட்டுவிட்டு, இரத்த அழுத்தத்தைப் போலக் கூடுதல் குறைவாக அளக்கும் பரிமாண முறைக்குப் போகலாம் என்ற வாதம் இங்கிருந்து வலுப்பெற்றது. அறிவியலாக அது சரியாகவே இருக்கலாம். ஆனால் பள்ளியும் காப்பீடும் சான்றிதழும் ஆம் அல்லது இல்லை என்ற விடையைத்தான் கேட்கின்றன; இரத்த அழுத்தத்துக்குக்கூட மருந்து கொடுக்க ஓர் எண்ணில் கோடு கிழிக்கத்தான் வேண்டியிருக்கிறது.

அந்தக் கோடு ஆட்டிசத்தில் இப்போது மறுபடியும் கேட்கப்படுகிறது. எல்லோரையும் ஒரே நிறமாலைக்குள் கொண்டுவந்து எட்டு ஆண்டுகள் ஆன நிலையில், 2021இன் இறுதியில் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணைக்குழு 'ஆழ்ந்த ஆட்டிசம்' என்ற சொல்லைப் பயன்படுத்தப் பரிந்துரைத்தது. எட்டு வயதோ அதற்கு மேலோ ஆன, தனியே விட முடியாமல், இருபத்து நான்கு மணி நேரமும் ஒரு பெரியவரின் துணை தேவைப்படுகிற, பெரும்பாலும் பேச்சோ அறிவுத்திறனோ மிகக் குறைந்தவர்களை அது குறிக்கிறது. 2023இல் வெளியான அமெரிக்கக் கணக்கொன்றில், ஆட்டிசம் உள்ள எட்டு வயதுக் குழந்தைகளில் 26.7 விழுக்காட்டினர் இந்த வரையறைக்குள் வந்தனர். இப்படிப்பட்ட குழந்தைகளை வளர்க்கும் பெற்றோர் பலர் அதை வரவேற்கிறார்கள். ஆராய்ச்சியும் ஊடகமும் நன்றாகப் பேசத் தெரிந்தவர்களையே காட்டுவதால் தங்கள் பிள்ளை நிறமாலைக்குள் காணாமல் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஆட்டிசம் உள்ள வயதுவந்தோரில் பலர் அதை எதிர்க்கிறார்கள். அந்தப் பெயரைப் பெற்ற குழந்தையிடம் யாரும் எதையும் எதிர்பார்க்காமல் விட்டுவிடுவார்கள் என்பது அவர்களுடைய அச்சம். 2022இல் வந்த டி.எஸ்.எம். திருத்தப் பதிப்பில் அந்தச் சொல் இல்லை.